தீயில் தப்பியவர்கள் தொற்றில் சாகிறார்கள்

புது தில்லி: தீபாவளிக்குச் சில நாள்கள் முன்னதாகவே தலைநகரின் அரசு மருத்துவமனைகளில் தீக்காயப் பிரிவுகள் தயாராகிவிடும். சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, லோக் நாயக் ஆகிய மருத்துவமனைகளில் கூடுதல் படுக்கைகள் ஒதுக்கப்படும். மருத்துவர்களின் பணி நேரம் மாற்றியமைக்கப்படும். மறுநாள் காலை, காயமடைந்து வந்தவர்களின் எண்ணிக்கை நாளேடுகளில் வெளியாகும்.

அந்த எண்ணிக்கையோடு செய்தி முடிந்துவிடுகிறது. பலத்த தீக்காயம் அடைந்தவரின் உண்மையான போராட்டமோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. முதல் 48 மணி நேரத்தில் உடலிலிருந்து வடிந்தோடும் நீரையும் உப்பையும் ஈடு செய்துவிட்டால் அவரை அதிர்ச்சி நிலையிலிருந்து மீட்டுவிடலாம். இதில் நம் மருத்துவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆபத்து வருவது முதல் வாரத்தின் முடிவிலும் இரண்டாவது வாரத்திலும்தான். பேசிக்கொண்டும் பால் குடித்துக்கொண்டும் இருந்தவருக்குத் திடீரென ரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீர் குறைகிறது, நினைவு தடுமாறுகிறது. செப்டிசீமியா எனப்படும் ரத்த நச்சுநிலை. தொடக்கக் கட்டத்தைத் தாண்டிய தீக்காய நோயாளிகளின் மரணங்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குத் தொற்றே காரணம் என்பது தீக்காய மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் மதிப்பீடு.

இத்தனைக்கும் அந்த நோயாளிக்கு முதல் நாளிலிருந்தே ஆன்டிபயாடிக் ஊசி போடப்பட்டிருக்கும். ஒன்றல்ல, இரண்டு மூன்று வகை. மருந்து போதாமல் அவர் இறக்கவில்லை. தேவையில்லாத நாள்களில் கொடுக்கப்பட்ட மருந்து, தேவைப்பட்ட நாளில் பலிக்காமல் போனதால் இறந்தார். நாட்டின் தீக்காயப் பிரிவுகளில் ஆன்டிபயாடிக் மருந்துகள் எப்படிப் பயன்படுகின்றன என்ற கேள்வி, மருத்துவர்களின் மாநாடுகளுக்குள் மட்டும் அடங்கிவிடக் கூடிய ஒன்றல்ல. செவிலியர், அறுவை அரங்கு, ஆய்வுக்கூடம், தோல் வங்கி ஆகியவை இல்லாத இடத்தையெல்லாம் மருந்துச் சீட்டால் நிரப்பும் ஒரு பொது சுகாதார அமைப்பைப் பற்றிய கேள்வி அது.

யார் இந்த நோயாளிகள்?

நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் பேர் தீக்காயம் அடைகின்றனர், 1.4 லட்சம் பேர் இறக்கின்றனர், 2.4 லட்சம் பேர் ஊனமடைகின்றனர் என்பது மத்திய அரசின் கணக்கு. இதுவும் தில்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளின் தகவலை வைத்து நாடு முழுமைக்கும் விரித்துப் பெற்ற மதிப்பீடே. 2009-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் 1.63 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்றும், அவர்களில் 65 சதவீதத்தினர் பெண்கள் என்றும், அப்பெண்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் கணக்கிட்டது. அது காவல் துறைப் பதிவுகளில் காணப்பட்ட எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு.

ஸ்டவ் வெடித்தது, சேலையில் தீப்பிடித்தது என்று பதிவேட்டில் எழுதப்படும் வரிகளுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பது அரசியல் அறிந்த வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வரதட்சிணை மரணத்தைத் தனிக் குற்றமாக்கும் சட்டத் திருத்தம் 1986-இல் வந்தது. மண்ணெண்ணெய் இல்லாத நகரமாகத் தில்லி 2014-இல் அறிவிக்கப்பட்டது. எனினும் சமையலறையிலும் தொழிற்கூடத்திலும் மின்கம்பியிலும் எரிந்து வருவோர் இன்றும் பெரும்பாலும் ஏழைகளே. தனியார் மருத்துவமனைகள் பல, நீண்ட நாள் படுக்கையை அடைத்துக்கொள்ளும், பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாத இத்தகைய நோயாளியை விரும்புவதில்லை. எனவே சுமை முழுவதும் அரசு மருத்துவமனைகளின் மீது விழுகிறது.

வெந்த தோலுக்குள் மருந்து செல்லாது

தீப்பட்ட உடனே காயத்தின் மேற்பரப்பில் கிருமிகள் அநேகமாக இருப்பதில்லை. வெப்பமே அவற்றை அழித்துவிடுகிறது. ஆனால் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் ஆழத்தில் தங்கிவிட்ட ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் 48 மணி நேரத்துக்குள் மேலேறி வந்துவிடுகின்றன. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அடுத்த படை வந்து சேர்கிறது. சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெடோபாக்டர் ஆகியவை இப்படையினர். இவை நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தும் வரும்; பக்கத்துப் படுக்கையிலிருந்தும், கட்டு மாற்றுபவரின் கையிலிருந்தும், குளிப்பாட்டும் தொட்டியிலிருந்தும் வரும். அசினெடோபாக்டர் உலர்ந்த பரப்பின் மீதே பல நாள்கள், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியது. இதற்குப் பின்னரும் ஆன்டிபயாடிக் மழை ஓயாவிட்டால், போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் கேண்டிடா போன்ற பூஞ்சைகள் குடியேறுகின்றன.

முதல் நாளே ஊசி மூலம் மருந்து செலுத்திவிட்டால் இப்படையெடுப்பைத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. ஆனால் வெந்து இறந்துபோன தோலில் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் செல்லாத இடத்துக்கு ரத்தத்தின் வழியே செல்லும் மருந்தும் செல்லாது. கிருமிகள் பெருகும் இடம் அந்த இறந்த தோல். மருந்து சுற்றுவது உயிருள்ள உடலில். அங்கே அம்மருந்து செய்யும் வேலை ஒன்றே ஒன்று: குடலிலும் தோலிலும் உள்ள சாதுவான பாக்டீரியாக்களை அழித்து, தன்னை எதிர்த்து நிற்கக் கூடியவற்றை மட்டும் விட்டு வைப்பது. ஒரு வாரம் கழித்து உண்மையான தொற்று வரும்போது களத்தில் நிற்பவை அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட கிருமிகளே.

தீக்காயத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல், நாடித் துடிப்பு அதிகரித்தல், ரத்தத்தில் வெள்ளணுக்கள் உயர்தல் ஆகியவற்றை வேறு எந்த நோயாளியிடம் கண்டாலும் தொற்று என்று ஐயுறலாம். பலத்த தீக்காயம் அடைந்தவரிடம் இவை தொற்று இல்லாமலேயே வாரக்கணக்கில் இருக்கும். எரிந்த உடலின் இயல்பான எதிர்வினை அது. இக்காரணத்தால்தான் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் 2007-இல் தீக்காய நோயாளிகளுக்கெனத் தனி அளவுகோல் வகுத்தது. உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறுவது அல்லது 36.5-க்குக் கீழ் இறங்குவது, மூன்று நாள்களுக்குப் பின்னும் ரத்தத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் இருப்பது, சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சர்க்கரை ஏறுவது, ஒரு நாளுக்கும் மேலாக உணவை வயிறு ஏற்க மறுப்பது போன்ற அறிகுறிகளில் மூன்றேனும் சேர்ந்திருந்தால்தான் தொற்றைத் தேட வேண்டும். தொற்றுக்கான சான்றும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. நம் வார்டுகளிலோ 101 டிகிரி காய்ச்சல் அட்டவணையில் ஏறிய அன்றே மருந்து மாறுகிறது.

காயத்தின் மேல் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பும் கல்ச்சர் பரிசோதனையும் ஏமாற்றக் கூடியது. எரிந்த தோலில் ஏதேனும் ஒரு பாக்டீரியா எப்போதும் வளரும். அது அங்கே குடியிருப்பது வேறு, திசுவுக்குள் ஊடுருவி நோய் உண்டாக்குவது வேறு. ஒரு கிராம் திசுவில் ஒரு லட்சத்துக்கு மேல் பாக்டீரியா என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் எல்லை. அதை அறியச் சிறு துண்டுத் திசுவை வெட்டி எடுத்து எண்ணிப் பார்க்கும் ஆய்வுக்கூடம் வேண்டும். அறிக்கைத் தாளில் பாக்டீரியாவின் பெயரைக் கண்டதும் மருந்து எழுதுவது, நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதாகாது. தாளுக்குச் சிகிச்சை அளிப்பதே ஆகும்.

தெரிந்தும் ஏன் எழுதுகிறார்கள்?

இவையெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரியாதவை அல்ல. சர்வதேசத் தீக்காயச் சங்கம் 2016-இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறைகள், புதிய தீக்காயத்துக்கு முன்தடுப்பாக ஆன்டிபயாடிக் ஊசி போடுவதைத் தவிர்க்குமாறு தெளிவாகவே கூறுகின்றன. வசதி குறைந்த நாடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்நெறிமுறைகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், தில்லி லோக் நாயக் மருத்துவமனையில் பணியாற்றிய ராஜீவ் அஹுஜா என்பது குறிப்பிடத்தக்கது. அறிவுரை அயல்நாட்டிலிருந்து இறக்குமதியானதல்ல. பெரிய அறுவைச் சிகிச்சையின்போது ஓரிரு வேளை கொடுக்கும் மருந்து வேறு. அதை யாரும் குறை கூறவில்லை.

ஆனால் நடைமுறை வேறு. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை 20 பெரிய மருத்துவமனைகளில் நடத்திய கணக்கெடுப்பில், உள்நோயாளிகளில் 71.9 சதவீதத்தினருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டவற்றில் 55 சதவீதம் தொற்றுக்காக அல்ல, தொற்று வராமலிருக்க. எந்தக் கிருமி என்று உறுதி செய்துகொண்டு கொடுக்கப்பட்டது 6 சதவீதம் மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் கவனத்துடன் கையாள வேண்டியவை என்று வகைப்படுத்திய மருந்துகள் 57 சதவீதம். இது தீக்காயப் பிரிவுக்கான தனிக் கணக்கு அல்ல, அனைத்துப் பிரிவுகளுக்கும் பொதுவானது. தோலே இல்லாத நோயாளிகள் நிறைந்த பிரிவில் நிலைமை இதைவிட நிதானமாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

மருத்துவரின் இடத்தில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். கல்ச்சர் அறிக்கை வர இரண்டு மூன்று நாள்கள் ஆகும். மாலை நான்கு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் மாதிரியைப் பெற்றுக்கொள்ள ஆளில்லாத ஆய்வுக்கூடங்கள் ஏராளம். ஒரு மாவட்ட மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட நோயாளி வரும்போதே மூன்று மருந்துகளோடு வருகிறார். எதற்காக என்று சீட்டில் இருக்காது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஊசியைத் தொடங்கியதற்காக யாரும் அவரிடம் விளக்கம் கேட்கப்போவதில்லை. தொடங்காமல் இருந்து நோயாளி இறந்தால் உறவினர் கேட்பார், பேராசிரியர் கேட்பார், சில வேளைகளில் நீதிமன்றமும் கேட்கும். மருந்தை நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். தொடர்வதற்கு எதுவும் வேண்டியதில்லை. வார்டில் இருபது பேருக்கு இரண்டு செவிலியர் என்ற நிலையில், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போவது எழுதப்பட்ட விதியாக மட்டுமே இருக்க முடியும்.

இப்படித்தான் ஊசி மருந்து ஒரு காப்பீடாகிவிடுகிறது. மருத்துவருக்குத்தான் காப்பீடு, நோயாளிக்கு அல்ல.

தில்லியின் பெயர் தாங்கிய மரபணு

செஃப்ட்ரியாக்ஸோனில் தொடங்கி, பிப்பெராசிலினுக்குச் சென்று, அங்கிருந்து மெரோபெனெமுக்கு ஏறி, இறுதியில் கொலிஸ்டினில் வந்து நிற்கும் ஏணி ஒன்று உண்டு. கொலிஸ்டின் புதிய மருந்தல்ல. 1950-களில் வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிற்காலத்தில் ஓரங்கட்டப்பட்டது. வேறு வழியில்லாத நிலையில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஏற்கெனவே நீரிழப்பால் சிறுநீரகம் நலிந்த தீக்காய நோயாளிக்கு அதைக் கொடுப்பது எத்தகைய சூதாட்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஏணியின் மேற்படிகள் இற்றுப்போன கதையில் தலைநகருக்கே தனி இடம் உண்டு. 2008-இல் தில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரிடம் கண்டறியப்பட்ட மரபணு, கார்பபெனெம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கியது. அதற்கு என்டிஎம்-1 என்று பெயரிட்டனர். முதல் இரு எழுத்துகள் புது தில்லியைக் குறிப்பவை. 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் விரிவான ஆய்வு வெளியானபோது தில்லியில் பெரும் புயல் எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றனர். நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பது அன்றைய கூச்சலில் பலர் கவனத்துக்கு வரவில்லை. நகரத்தின் பெயரை இட்டது தவறு என்று 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், தில்லியின் 50 குடிநீர்க் குழாய் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும் அம்மரபணு இருப்பதாக இன்னொரு ஆய்வு வந்தது. பெயரைப் பற்றிய சர்ச்சையில் காட்டிய வேகத்தில் பாதியைப் பொருளின் மீது காட்டியிருக்கலாம்.

அப்போதிருந்து நிலைமை மோசமாகியே வந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பின் அறிக்கைகளின்படி, 2021-இல் சோதிக்கப்பட்ட அசினெடோபாக்டர் பௌமனி மாதிரிகளில் 87.5 சதவீதம் கார்பபெனெமுக்கு அடங்கவில்லை. கிளெப்சியெல்லா நிமோனியே, இமிபெனெம் என்ற மருந்துக்கு 2016-இல் 65 சதவீத அளவுக்குக் கட்டுப்பட்டது. 2020-இல் அது 45 சதவீதமாகச் சரிந்தது. தீக்காயப் பிரிவின் முதன்மை எதிரிகளில் இரண்டு இவை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக இந்தியாவில் ஏறத்தாழ 2.97 லட்சம் பேர் இறந்தனர் என்று உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

குறைத்துக் கொடுப்பதும் முறையன்று

முறையான பயன்பாடு என்றால் மருந்தைக் குறைப்பது என்று நிர்வாகிகள் பலர் பொருள் கொள்கின்றனர். கொள்முதல் செலவு குறையும் என்பதால் அவர்களுக்கு அது இனிக்கவும் செய்கிறது. தீக்காயத்தில் இது ஆபத்தான தவறு. நீர் தேங்கிய உடலில் மருந்தின் அடர்த்தி நீர்த்துப்போகிறது. முதல் சில நாள்களைக் கடந்தபின் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றுகிறது. திறந்த காயத்தின் வழியாகவும் ஓரளவு கசிகிறது. மற்ற நோயாளிக்குப் போதுமான அளவு இவருக்குப் போதாமல் போகலாம். அரைகுறை அளவில் கொடுக்கப்படும் மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: தொற்று இல்லாதபோது ஒன்றும் கொடுக்காமல் இருப்பது, தொற்று என்று ஐயம் வலுத்தால் ரத்தமும் திசுவும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, அந்த வார்டில் எந்தக் கிருமி எதற்கு அடங்குகிறது என்ற பட்டியலைப் பார்த்து, முழு அளவில், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் தொடங்குவது, இரண்டு மூன்று நாள்களில் அறிக்கை வந்ததும் குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு இறங்குவது அல்லது நிறுத்துவது. நிறுத்த வேண்டிய தேதியைத் தொடங்கும் அன்றே எழுதி வைப்பது. இவற்றில் கடினமான அறிவியல் எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்டின் கிருமிப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் தயாரிக்க ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர் வேண்டும். அவர் வார்டுக்கு நடந்து வர வேண்டும். பல மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் துறை மாணவர்க்குப் பாடம் நடத்தும் துறையாகவே இருக்கிறது.

மருந்துக்கு மாற்று, மருந்தல்லாதவை

கிருமிகள் வளர்வது இறந்த தோலில் என்றால், அதை அகற்றிவிடுவதே நேர்வழி. யுகோஸ்லாவியாவின் மரிபோர் நகரில் பணியாற்றிய சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர், எரிந்த தோலைச் சில நாள்களுக்குள் மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுத்து உடனே தோல் ஒட்டும் முறையை 1970-இல் உலகுக்கு அறிவித்தார். தீக்காய மரணங்களைக் குறைத்ததில் எந்த ஆன்டிபயாடிக்கையும் விட இதற்கே பங்கு அதிகம் எனலாம். ஆனால் இதற்கு அறுவை அரங்கு வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும், பல யூனிட் ரத்தம் வேண்டும், ஒட்டுவதற்குத் தோல் வேண்டும். அரங்கில் வாரம் ஒரு நாள் மட்டுமே முறை கிடைக்கும் பிரிவில், இறந்த தோல் தானாக அழுகி உதிரும் வரை மூன்று வாரம் காத்திருக்கின்றனர். அந்த மூன்று வாரத்துக்குத்தான் மெரோபெனெம்.

பாதி உடலுக்கு மேல் எரிந்தவரிடம் ஒட்டுவதற்குச் சொந்தத் தோல் போதாது. இறந்தவர்களிடமிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தானமாகப் பெறும் தோல், இரண்டு மூன்று வாரம் உயிருள்ள கட்டாக நின்று கிருமிகளைத் தடுக்கும். ரத்த வகைப் பொருத்தம்கூடத் தேவையில்லை. கிளிசராலில் பதப்படுத்தி ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம். மும்பை சயன் மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டிலேயே தோல் வங்கி தொடங்கப்பட்டுவிட்டது. வட இந்தியாவின் முதல் தோல் வங்கி சப்தர்ஜங் மருத்துவமனையில் திறக்கப்பட்டது 2023 ஜூனில். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் தலைநகருக்கு இது தேவைப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண் தானத்தை நாடறிந்த இயக்கமாக்கிய நாம் தோல் தானத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

கட்டுப் போடும் பொருளைப் பொறுத்தவரை இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சிந்தித்திருக்கிறார்கள். மும்பையில் கேஸ்வானி என்ற அறுவை மருத்துவர் 1980-களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டிக் கட்டாகப் பயன்படுத்தினார். அதே நகரில், கிருமி நீக்கிய வாழை இலை அதைவிட மலிவு என்று 2003-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. தீப்பட்டவரை வாழை இலையில் கிடத்தும் நம் ஊர்ப் பாட்டிமார் இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் விலங்குத் திசுவிலிருந்து கொலாஜன் தகடு தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கித் தந்தது. ஈரம் காத்து, காயத்தோடு ஒட்டிக்கொண்டு, அடிக்கடி பிரிக்கத் தேவையில்லாத கட்டு என்பதே இவையனைத்தின் பொதுப் பண்பு. மாறாக, 1960-களின் இறுதியிலிருந்து உலகெங்கும் பூசப்பட்டு வரும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பின் மீது இன்று கேள்வி எழுந்துள்ளது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, நவீனக் கட்டுகளோடு ஒப்பிடுகையில் இக்களிம்பு பூசப்பட்டோருக்குத் தொற்று கூடுதல், மருத்துவமனையில் தங்கும் நாளும் கூடுதல் என்று கண்டது. நம் மருத்துவமனைகளில் அது இன்றும் டப்பா டப்பாவாக வாங்கப்படுகிறது.

இவை எல்லாவற்றையும்விட எளிதானது கை கழுவுவது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. பாதி உடல் எரிந்தவருக்கு ஒரு முறை கட்டு மாற்ற ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், இருவரேனும் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் நோயாளியின் தாயோ கணவனோ தட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கையுறை கொடுப்பாரில்லை. நோயாளிக்கு முதல் நாளிலிருந்தே குழாய் வழியாகவேனும் உணவு செலுத்தினால் குடல் கிருமிகளின் தொல்லை குறையும். புரதச் சத்துள்ள உணவு, முட்டை, பால் ஆகியவையும் தொற்றுத் தடுப்பில் அடங்கும். மெரோபெனெமுக்குக் கையெழுத்திடும் அதிகாரி கூடுதல் முட்டைக்குக் கையெழுத்திடத் தயங்குவதை என்னவென்பது?

சட்டம் கடையோடு நிற்கிறது

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆன்டிபயாடிக் எதிர்ப்புத் தன்மையைக் கட்டுப்படுத்தும் தேசியக் கொள்கை 2011-இல் வந்தது. உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை. 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள், முழுமையானதாக இல்லாவிட்டாலும் நடைமுறைக்கு ஏற்ற கொள்கை வேண்டும் என்று கோரிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை அமலுக்கு வந்தது. அதிலுள்ள 46 மருந்துகளில் 24 ஆன்டிபயாடிக்குகள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பனைப் பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். 2017-இல் தேசியச் செயல்திட்டம் வெளியானது. மாநிலத் திட்டங்களைக் கேரளம் 2018-லும், மத்தியப் பிரதேசம் 2019-லும், தில்லி 2020-லும் வகுத்தன. 2025 நவம்பரில் தேசியச் செயல்திட்டத்தின் இரண்டாம் பதிப்பு வெளியிடப்பட்டது.

இவற்றில் கடுமையானது எச்-1 அட்டவணைதான். ஆனால் அதன் பிடி மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறது. தீக்காய நோயாளிக்குக் கொடுக்கப்படும் மருந்து கடையில் வாங்கியதல்ல. மருத்துவமனைக் கிடங்கிலிருந்து வருவது. அங்கே கேள்வி கேட்கும் சட்டம் இல்லை. மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநர் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரிகளுக்கு எழுதிய கடிதத்தில், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் கட்டாயம் எழுதுமாறு கேட்டுக்கொண்டார். நல்ல கோரிக்கை. காரணத்தை எழுதக் கையை எடுக்கும் மருத்துவர் ஒரு கணமேனும் நின்று யோசிப்பார். எனினும் அது கடிதமே, விதி அல்ல.

தீக்காயத்துக்கெனத் தனித் தேசியத் திட்டம் 2010-இல் அரியாணா, ஹிமாசலப் பிரதேசம், அசாம் ஆகிய மாநிலங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தில் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் தீக்காயப் பிரிவுகளைக் கட்டுவதே அதன் மையம். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. கட்டடம் எழுப்பும் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும். கட்டடம் எழும்பிய பின் அதில் நிற்க வேண்டிய செவிலியரின் சம்பளம் பற்றிய பேச்சு எழும்போதுதான் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்க்கின்றன. நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளும் எத்தனை பிரிவுகள் அனுமதிக்கப்பட்டன என்பதோடு நிற்கின்றன. ஒரு பிரிவில் எத்தனை நோயாளிகள் முதல் வாரத்தில் அறுவைச் சிகிச்சை பெற்றனர், எத்தனை பேர் தொற்றால் இறந்தனர், கிடங்கிலிருந்து எவ்வளவு கொலிஸ்டின் சென்றது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டால், பதிலைத் திரட்டுவதற்காகவேனும் சில மருத்துவமனைகள் கணக்கு வைக்கத் தொடங்கும்.

மரணச் சான்றிதழில் எழுதப்படுவது

வார்டில் நேரும் இத்தொற்று நீதிமன்றம் வரை செல்கிறது என்பதையும் கூற வேண்டும். குஜராத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், மருமகள் மீது தீயை எறிந்ததாக மாமியார் கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருந்தார். 60 சதவீதத் தீக்காயத்துடன் சேர்க்கப்பட்ட அப்பெண் எட்டு நாள்களுக்குப் பின் இறந்தார். சிகிச்சையின்போது உண்டான செப்டிசீமியா மரணத்துக்கு முக்கியக் காரணமாக இருந்ததை மற்ற சூழ்நிலைகளோடு சேர்த்துக் கருதிய உச்ச நீதிமன்றம், 2009-இல் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்தது. 2023 ஜனவரியில், தாக்கப்பட்டவர் 20 நாள்கள் கழித்து இறந்த வேறொரு வழக்கில், நாள் கடந்துவிட்டது என்பது மட்டுமே குற்றவாளியின் பொறுப்பைக் குறைத்துவிடாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

இத்தகைய வழக்குகளில் நீதிபதிகளின் கையில் இருப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையும் மருத்துவச் சான்றிதழும்தான். மரணத்துக்கான உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், பிற உடல் நிலைகள் என்று படிவம் கேட்கிறது. செப்டிசீமியா, தீக்காயம் என்று இரண்டு சொற்களில் அது நிரப்பப்படுகிறது. எந்தக் கிருமி, எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று கேட்கும் பத்தி அப்படிவத்தில் இல்லை.